ஓட்டும் முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்: பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பட்டறையில் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்று என்னிடம் பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது வேறொன்று. "இதை எப்படி நிறுத்துவாய்?" என்று கேட்பேன். பச்சைப் பொத்தானைச் சட்டென்று காட்டும் கை, சிவப்புப் பொத்தானைத் தேடிச் சற்றே அலையும். அந்த அலைச்சல் தீரும்வரை மெஷினைத் தொட விடமாட்டேன்.

நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை கடினமான வேலையின் நடுவே வந்தவை அல்ல. நிறுத்தாமல் துடைத்தது, நிறுத்தாமல் அளந்தது, அடைத்துக்கொண்டதை நிறுத்தாமல் எடுத்தது என்று எல்லாம் "இதோ ஒரு நொடி" என்ற இடைவெளியில் நடந்தவை. இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதும் அதைச் சுற்றித்தான்.

முதல் நாள்: நின்ற இடத்திலிருந்தே நிறுத்த முடியுமா?

மெஷின் முன்னால் வேலை செய்யும் நிலையில் நில்லுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவசர நிறுத்தப் பொத்தானைத் தொட்டுப் பாருங்கள். வலது கை சிக்கிக்கொண்டால் இடது கைக்கு அது எட்டுமா? எட்டாது என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பக்கத்து மெஷினின் பொத்தான் எங்கே என்பதையும் பார்த்து வையுங்கள். சிக்கிக்கொண்டவரால் தானே நிறுத்த முடியாமல் போகும் நேரத்தில் அதை அழுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்து, நிறுத்திய பிறகு எத்தனை நொடியில் சுழற்சி அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரேக் உள்ள லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) உடனே நின்றுவிடலாம். மேஜைக் கிரைண்டரின் (உலோகத்தைத் தீட்டும் சாணை மெஷினின்) கல்லோ மின்சாரத்தை அணைத்த பிறகும் வெகுநேரம் சுற்றும். சத்தம் அடங்கிவிடுவதால் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டுகிறார்கள். காதை நம்பாதீர்கள்; அசைவு முழுதாக அடங்கியதைக் கண்ணால் பாருங்கள்.

அதே நாளில் வெளியேறும் வழிகளை நடந்தே பாருங்கள். தீயணைப்பான், கண் கழுவும் குழாய், முதலுதவிப் பெட்டி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். கதவு பூட்டியிருக்கிறதா, முன்னால் சரக்கு அடுக்கியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள். தப்பியோட வேண்டிய கதவுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. நூறாண்டு கடந்தும் பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படி ஒன்றைப் பார்த்தால் வந்த முதல் நாளிலேயே கேளுங்கள். புதியவர் கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

உடலில் தொங்குவதெல்லாம் ஆபத்து

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஒன்று லேத்தில் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்குச் சுமார் 17 சுற்று. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க ஒரு மனிதனுக்குக் கால் நொடியாவது ஆகும். அந்தக் கால் நொடியில் கம்பி நான்கு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அரை மீட்டருக்கும் அதிகமான துணியைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும். உங்கள் சட்டைக் கை முழுவதும் அதில் அடக்கம். எனக்கு அனிச்சை வேகம் அதிகம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள், அல்லது மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கும் சட்டை போடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்துச் சங்கிலி, கயிறு, துப்பட்டா, அடையாள அட்டையின் நாடா எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். நீளமான முடியைக் கட்டித் தொப்பிக்குள் செருகுங்கள். கழற்றவே முடியாத மோதிரம் என்றால் சுழலும் மெஷினில் வேலை ஏற்கும் முன் பட்டறையில் சொல்லிவிடுங்கள். மோதிரம் சிக்கினால் விரலின் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

கையுறை விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பாதுகாப்பு என்றாலே கையுறை என்று மனதில் பதிந்திருக்கிறது. கூர்மையான தகட்டைத் தூக்கும்போது, வெல்டிங் செய்யும்போது, ரசாயனத்தைத் தொடும்போது கையுறை அவசியம். லேத், டிரில்லிங், மில்லிங் போன்ற சுழலும் மெஷினை இயக்கும்போது கூடவே கூடாது. வெறும் விரல் பட்டால் கிழிந்து வெளியே வர ஒரு வாய்ப்பாவது உண்டு. கையுறை நூல் சிக்கினால் முழுக் கையும் உள்ளே போகும்.

கண்ணாடியும் மூடிய காலணியும் பட்டறைக்குள் நுழையும்போதே போட்டிருக்க வேண்டும், வேலை செய்யும்போது மட்டும் அல்ல. பக்கத்தில் வேலை செய்பவரிடமிருந்து பறக்கும் சில்லுக்கு உங்களுக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை என்பது தெரியாது.

ஜாப்பைப் பிடிப்பது கையின் வேலை அல்ல

என் இடது கட்டை விரலின் அடியில் ஒரு தழும்பு இருக்கிறது. தொழிலுக்கு வந்த முதல் வருடம். ஒரு மெல்லிய தகட்டில் ஒரே ஒரு துளை போட வேண்டியிருந்தது. அந்தத் தகடுதான் ஜாப், அதாவது வேலைக்கு எடுத்த துண்டு. வைஸில் (துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) கட்டுவதற்குச் சோம்பல்பட்டுத் தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். துளை போடும் நேரம் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. பிட்டின் முனை தகட்டின் அடிப்பக்கம் வெளியே வரும் அந்தக் கடைசிக் கணத்தில், பிட்டின் பள்ளம் துளையின் ஓரத்தைக் கவ்வியது. தகடு மின்விசிறி இறக்கையைப் போல ஒரு சுற்றுச் சுற்றியது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலி தெரிந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திட்டவில்லை. வைஸை எடுத்து மேஜையில் வைத்து, அதே தகட்டைக் கட்டச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மெல்லிய தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். பிட் வெளியே வரும் கட்டத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள். அப்படியும் ஜாப் பிய்த்துக்கொண்டு சுற்றினால் அதைப் பிடிக்கப் பாயாதீர்கள். பின்னால் விலகி, மெஷினை நிறுத்துங்கள்.

லேத்தில் பழகும்போது ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்குக் கற்றுக்கொடுங்கள்: ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் பாகம் சக்; அதை இறுக்கும் சக் சாவி சக்கில் இருக்கும்வரை உங்கள் கை அதன்மேல் இருக்க வேண்டும். கையை எடுக்க வேண்டும் என்றால் சாவியையும் எடுத்துவிட வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டு மெஷினைப் போட்டால் அது எந்தத் திசையில், யார்மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது. லேத்திலிருந்து நீளமாக வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள். கத்தியைவிடக் கூர்மையான அந்தச் சுருள், ஜாப்பில் சுற்றிக்கொண்டால் கையையும் உடன் இழுக்கும். மெஷினை நிறுத்தி, கொக்கியாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள்.

கிரைண்டர்: எல்லோரும் எளிது என்று நினைக்கும் மெஷின்

பட்டறையில் யாரும் அனுமதி கேட்காமல் போய்த் தொடுவது மேஜைக் கிரைண்டரைத்தான். அதனாலேயே அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன்.

ஜாப்பைத் தாங்கும் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கல் தேயத் தேய இந்த இடைவெளி தானாகவே பெரிதாகும். சிறிய ஜாப் அதற்குள் நழுவினால் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஆப்புப் போலச் செருகிக்கொள்ளும். கல் உடையும், ஜாப்பைப் பிடித்திருந்த விரலும் அங்கேதான் இருக்கும். மேலே, காப்பு மூடியின் விளிம்பில் உள்ள நாக்குத் தகட்டுக்கும் கல்லுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் போதும். தட்டை நகர்த்திச் சரிசெய்வது கல் முழுதாக நின்ற பிறகுதான்.

புதிய கல்லை மாட்டும் முன் அதன் நடுத்துளையில் ஒரு விரலையோ கம்பியையோ விட்டுத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல கல் மணிபோல் 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் உடைந்த பானையைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடிக்கும் இடம் இது. மந்தமாக ஒலித்த கல்லை உடைத்தே எறியுங்கள். அப்படியே வைத்தால் நாளை வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் சுழற்சி வேகம் உங்கள் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு காப்பு மூடியைப் போட்டு, கல்லுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். ஜாப்பைக் கல்லின் முகப்பில் மட்டும் பிடியுங்கள்; பக்கவாட்டில் அழுத்துவதற்கு அந்தக் கல் செய்யப்படவில்லை.

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டை மாட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. யார் செய்தாலும், எத்தனை வருட அனுபவசாலி சொன்னாலும் நீங்கள் செய்யாதீர்கள். சிறிய கிரைண்டரின் வேகம் அதிகம். பெரிய வட்டு அந்த வேகத்தைத் தாங்காது.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டு சிக்குகிறது. பின்னால் வேலை தேங்குகிறது. கையை விட்டால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம் போலத் தெரிகிறது. சிக்கிய துண்டை விடுவித்ததும் அதுவரை தடுக்கப்பட்டிருந்த மெஷின் துள்ளி ஓடும், உங்கள் கை உள்ளே இருக்கும்போதே.

அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும் இங்கே போதாது. அது அசைவை நிறுத்துகிறது. மின்சாரம் மெஷினுக்குள் இருந்துகொண்டேதான் இருக்கிறது. கையை உள்ளே விட வேண்டும் என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "ஆள் உள்ளே வேலை செய்கிறார்" என்று பெயருடன் அட்டை தொங்கட்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்: மெஷின் அசையவில்லை என்றால்தான் சரியான சுவிட்சை அணைத்திருக்கிறீர்கள் என்று பொருள். தவறான சுவிட்சைப் பூட்டிவிட்டு நம்பிக்கையோடு கையை விட்டவர்கள் உண்டு.

மின்சாரம் போன பிறகும் மிச்சமிருக்கும் சக்தியைத் தேடுங்கள். பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் மெஷின்) என்றால் தூக்கி நிற்கும் அதன் தலை தன் எடையாலேயே இறங்கும். அதற்கு முட்டுக் கொடுங்கள். காற்றுக் குழாயில் அழுத்தம் நிற்கும், அதைத் திறந்துவிடுங்கள். இழுபட்ட ஸ்பிரிங் காத்திருக்கும். மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை எலக்ட்ரீஷியன் மட்டுமே தொடட்டும்.

பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் தலை இறங்கும் ஏற்பாடு இருக்கும். உற்பத்தி வேகத்துக்காக ஒரு பொத்தானை மரச்சில்லு வைத்து அழுத்திக் கட்டியிருப்பதைப் பார்த்தால், அந்த மெஷினில் வேலை செய்ய மறுத்துவிடுங்கள். உங்கள் இரண்டு கைகளும் டைக்கு (தகடு அழுத்தப்படும் அச்சுக்கு) வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்த இரண்டாவது பொத்தான் இருக்கிறது.

வலிக்காத காயங்கள்

வெட்டுக்காயம் ரத்தத்தைக் காட்டிவிடும். நுரையீரலும் காதும் அப்படி அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் உலகில் ஆண்டுதோறும் 30 லட்சத்துக்கு நெருக்கமானோர் வேலை காரணமாக இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொல்வது நோய், விபத்து அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும் என மருத்துவர்களுக்கு எழுதினார். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தத் தூசியில், எந்தப் புகையில், எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் மோசம். பெரிய துகள் மூக்கிலேயே தங்கிவிடும். 10 மைக்ரானுக்கும் குறைவான துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். கல், கான்கிரீட், ஓடு வெட்டும்போது பறக்கும் சிலிக்கா அப்படிப்பட்டது. அது உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. மாஸ்க் தேடுவதற்கு முன் தண்ணீர் விட்டு வெட்ட முடியுமா, தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயை வைக்க முடியுமா என்று கேளுங்கள். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஆபத்தை இல்லாமல் செய்வது முதலில், குறைந்த ஆபத்துள்ளதாக மாற்றுவது அடுத்து, மூடியோ உறிஞ்சியோ தடுப்பது அதற்கடுத்து, வேலைமுறையை மாற்றுவது பிறகு. மாஸ்க்கும் கையுறையும் கடைசி அரண்.

அந்தக் கடைசி அரணும் பொருத்தமானதாக இருக்க வேண்டும். துணியும் கைக்குட்டையும் நுண்தூசியைத் தடுக்காது. தூசி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். தரையில் கிடக்கும் தூசியைத் துடைப்பத்தாலோ காற்றாலோ கிளப்பாமல், நனைத்தோ உறிஞ்சியோ எடுங்கள். அழுத்தக் காற்றை உடம்பில் அடித்துச் சட்டையைச் சுத்தம் செய்யும் பழக்கத்தைத் தொற்றவிடாதீர்கள். சிறு கீறல் வழியாகக்கூடக் காற்று தோலுக்குள் புகும். கண்ணையும் செவிப்பறையையும் கிழிக்கும்.

சத்தத்துக்கு எளிய சோதனை ஒன்று: ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டிருக்கும். 8 மணி நேரத்துக்கு அதுதான் எல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 88 டெசிபலில் 4 மணி நேரமும் 91-ல் 2 மணி நேரமும்தான் தாங்கும். வீட்டுக்குப் போன பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைய சத்தம் அதிகம் என்று அறியுங்கள். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

வெல்டிங், சிலிண்டர், ரசாயனம்

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பை வெல்டிங் செய்தால் வரும் புகை அன்று மாலையே குளிர்க் காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த பாகத்தை வெல்டிங் செய்யவே கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். காலி டிரம் என்று யாராவது வெட்டக் கொடுத்தால் வாங்காதீர்கள். திரவம் தீர்ந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வெல்டிங் முடிந்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை அந்த இடத்தைக் கவனியுங்கள். பொறி விழுந்த இடம் மெதுவாகக் கனன்று பிறகுதான் பற்றும்.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட விடாதீர்கள். அழுத்தத்தோடு வரும் ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும்.

ரசாயனத்தைத் திறக்கும் முன் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நாடுகளில் அது 16 பிரிவுகளாக இருக்கும். 4-ஆம் பிரிவு முதலுதவி, 8-ஆம் பிரிவு என்ன அணிய வேண்டும் என்பது. அவசரத்துக்கு இவ்விரண்டும் போதும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். குடிநீர் பாட்டிலில் தின்னரை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஒருவர் குடித்துவிடுவார்.

அடிபட்டுவிட்டால்

மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மின்சாரத்தை அணையுங்கள். தீக்காயத்தை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், மை, பற்பசை எதுவும் வேண்டாம். கண்ணில் ரசாயனம் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் உலோகத் துகள் குத்தியிருந்தால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

ஒரு காயம் மட்டும் ஏமாற்றும். ஹைட்ராலிக் குழாயில் (அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாயில்) ஊசித்துளை விழுந்து, பீறிட்ட எண்ணெய் தோலைத் துளைத்தால் வெளியே சிறு புள்ளிதான் தெரியும்; வலியும் அதிகம் இராது. உள்ளே எண்ணெய் திசுக்களை அழித்துக்கொண்டிருக்கும். அன்றே, அந்த மணி நேரமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேடக் கையால் குழாயைத் தடவாதீர்கள். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது

களைப்பு மிகுந்த நேரம் இது. கை பழக்கத்தில் ஓடும், மனம் வீட்டுக்குப் போயிருக்கும். மெஷினை அணைத்து, அசைவு அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைக் குவித்துப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக வாளியில் தண்ணீருக்குள் போட்டு மூடுங்கள். சிலிண்டர் வால்வுகளை அடையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னரால் கழுவினால் தோலின் காப்பே போய்விடும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒட்டிய தூசியைத்தான் வீட்டில் குழந்தை கட்டிக்கொள்ளும்.

அன்று நூலிழையில் தப்பியது ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மயிரிழையில் தலைக்கருகே பறந்த துண்டு நாளைக்கும் அதே வழியில்தான் பறக்கும். மெஷினில் எது சரியில்லையோ அதை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் முகம் பார்த்துச் சொல்லுங்கள்: "அண்ணே, இந்தச் சக் நிற்கக் கொஞ்ச நேரம் கூடுதலாக எடுக்கிறது, நின்ற பிறகு கையை வையுங்கள்." பதிவேட்டிலும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.